மேரி அக்கா ஊட்டு பாஸ்வேர்டு

ஊட்டு கம்ப்யூட்டருக்கும் வைஃபைக்கும் பூட்டு போடறது என் தொழில். சாவிய தெருவுக்கே குடுத்துட்டு "பூட்டு சரியில்ல பாய்"னு போன் பண்றது ஜனங்க தொழில். பூந்தமல்லி, அம்பத்தூர் சுத்துப்பட்டு பூரா வண்டில சுத்தினே கீறேன். விருந்துக்குப் போன எடத்துல, இலை போடறதுக்கு முன்னாடி லேப்டாப்ப கொண்டாந்து மடில வெக்கிறாங்களே, அந்த மாதிரி மாட்டினு முழிக்கிற ஆளா நீங்க? அப்போ கிட்ட வந்து உக்காருங்க.

எல்லாம் கேட்டு வாங்கினவங்க

கொரட்டூர்ல சேவியர் அண்ணாத்தே ஊடு. பொண்ணு ஜெனி மாசமா கீறா, ஊட்டுலருந்தே ஆபீஸ் வேலை. நெட்டு நடுநடுவுல படுத்துக்குது. ஆபீஸ்ல கறாரா சொல்லிட்டாங்க: லைன் பத்திரமா இருக்கணும், வீடியோ கால் போட்டு செக் பண்ணுவோம், இல்லன்னா ஆபீஸுக்கு வந்து உக்காரு. வயித்த தள்ளினு அந்தப் பொண்ணு எலெக்ட்ரிக் ட்ரெய்ன்ல இடிபட்டுனு போவணுமா?

ரவுட்டருக்குள்ள பூந்து பாத்தேன். கல்யாண மண்டபம் மாதிரி போன் போனா ஒட்டினு கீது. "யாரோ திருட்டுத்தனமா யூஸ் பண்றாங்கக்கா"ன்னேன். ஜெனியோட அம்மா மேரி அக்கா கண்ணாடிய மாட்டினு ஒண்ணொண்ணா பாத்தாங்க. "இது எதிர் ஊட்டு பரிமளா. இது இஸ்திரி வண்டிக்காரரு. இது மாடில முன்ன குடியிருந்தவங்க, பாவம், இந்தப் பக்கம் வந்தா போனா ஆவும்னு..." கறிவேப்பிலை குடுக்கிற மாதிரி கிள்ளிக் கிள்ளி குடுத்துகீறாங்க. நான் தலைல கை வெச்சேன். அக்காவுக்கு கோவம் வந்துடுச்சு: "திருட்டுன்னு சொல்லாத பாய். எல்லாம் கேட்டு வாங்கினவங்க."

கடைசி வரி

பாஸ்வேர்ட மாத்தினேன், கன்னாபின்னான்னு நீளமா. கம்ப்யூட்டர்ல பழசா கெடந்த சாஃப்ட்வேர எல்லாம் புதுசாக்கிட்டு, டீய குடிச்சிட்டு கெளம்பினேன். திருமழிசைல அடுத்த ஊடு. அங்க செருப்ப கூட கழட்டல, ஜெனி போன்: "அண்ணா, திருப்பி படுத்துக்கிச்சு."

ஓடியாந்து பாத்தா அதே மண்டபம், அதே கூட்டம். தெரு வாட்ஸாப் குரூப்ல அண்ணாத்தே மெசேஜ் போட்டுகீறாரு: "தெருவாசிகளுக்கு வணக்கம். பாதுகாப்பு காரணமாக எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு மாற்றப்பட்டுள்ளது. சிரமத்துக்கு மன்னிக்கவும். புதியது கீழே. வெளியாட்களுக்குத் தர வேண்டாம்." இன்னா அண்ணாத்தே இதுன்னு கேட்டேன். அவரு என்னைப் பாவமா பாத்தாரு: "கடைசி வரிய படிக்கலியா பாய்? வெளியாளுக்கு குடுக்காதீங்கன்னு போட்டிருக்கேனே!"

ஒரு இருமல்

இந்த தபா ஒரு முடிவுக்கு வந்தேன். அள்ளிக் குடுத்த கையே காவல் காக்கட்டும்னு, புது பாஸ்வேர்டு மேரி அக்காவுக்கு மட்டும்தான். அவங்களே யோசிச்சு, ஊட்டு போன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் அவங்களே அடிச்சாங்க. நானே செவுத்த பாத்து திரும்பிக்கினேன். "போன்ல யார் கேட்டாலும் சொல்லாதீங்கக்கா. இப்போ நம்பர மாத்துறானுங்க, குரல மாத்துறானுங்க, வீடியோல மூஞ்சிய கூட மாத்துறானுங்க"ன்னேன். அக்கா சிரிச்சாங்க. எங்க ஊட்டு குரல் எனக்குத் தெரியாதான்னு.

எனக்கு மிமிக்ரி வரும்னு அவங்களுக்குத் தெரியாது. ஸ்டேஷனாண்ட டீக்கடைல ஒருத்தர் போன வாங்கி அடிச்சேன். அண்ணாத்தே பேசறதுக்கு முன்னாடி ஒரு இருமல் போடுவாரு, கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி. இருமினேன். ஒரு கேப் வுட்டேன். அந்த கேப்புலதான் மேட்டரே கீது. "மேரீ... என் போன் தண்ணில வுழுந்துடுச்சு. அந்த பாஸ்வேர்டு இன்னா?" அக்கா பாஸ்வேர்டயும் சொல்லி, கேக்காமயே பீரோ சாவி எங்க கீதுன்னும் சொல்லி, மழ வரும், சீக்கிரம் வாங்கன்னாங்க. திரும்பிப் போய் உண்மைய சொன்னேன், பாஸ்வேர்டயும் மாத்த வெச்சேன். அக்கா கண்ணாடிய கழட்டி தொடச்சாங்க. அப்புறம் மெதுவா: "அப்போ போன வாரம் போன் பண்ணி சாம்பார் நல்லாருக்குன்னு சொன்னது அவரா, நீயா?"

கல்யாண தேதி

செக் பண்ற நாள். ஆபீஸ்லருந்து புது லேப்டாப் வந்துகீது. அதுல பாஸ்வேர்ட அடிச்சாதான் வீடியோ கால் வரும். அக்கா ஆவடில, தங்கச்சி ஊட்டுல. அண்ணாத்தே போன் பண்ணாரு. இருமல், கேப்... "பாய், போய் வேலைய பாரு." கட். ஜெனி பண்ணா. "பொம்பள குரல் வேறயா!" கட். வீடியோல கூப்ட்டாங்க. மூஞ்சிய பாத்ததும் கட். கடைசில அப்பாவும் பொண்ணும் எனக்கு போன் போட்டு அழுவாத கொறையா சொன்னாங்க. நான் அக்காவுக்கு போன் போட்டு, என் சொந்தக் குரல்ல, "அக்கா, நெசமாவே பாய் பேசறேன்"னேன். "ஏங்க, உங்களுக்கு எப்போலருந்து பாய் குரல் வருது?"ன்னாங்க. சத்தியமா சொல்றேன், நான் யாரு குரல்ல பேசினு கீறேன்னு எனக்கே டவுட்டாயிடுச்சு.

ஜெனி அழ ஆரம்பிச்சுட்டா. அண்ணாத்தே மறுபடி போட்டாரு: "நான்தான்னு நிரூபிக்கிறேன், எதுனா கேளு மேரி!" அக்கா கேட்டாங்க: "நம்ம கல்யாண தேதி இன்னா?" ஜெனி அவர் காதுல ஓதினா. அண்ணாத்தே டக்குனு சொன்னாரு, வருஷத்தோட. அந்தாண்ட ஒரு கேப். அப்புறம் அக்கா: "மாட்னியா பாய்? எம் புருஷனுக்கு அது ஜென்மத்துக்கும் ஞாபகம் இருக்காது."

முந்தானை மறைவுல

ரவுட்டரையே அழிச்சு புதுசா போட்டுடலாம்னு நான் வண்டிய முறுக்கினு வந்து சேர்றேன், வாசல்ல ஆட்டோ. அக்கா எறங்குறாங்க. இத்தன பேரு ஒரே நேரத்துல பாஸ்வேர்ட கேக்குறானுங்கன்னா ஊட்டுல ஏதோ கொள்ள நடக்குதுன்னு பயந்து வந்துகீறாங்க. உள்ள வந்ததும் அண்ணாத்தே கைய ஒரு கிள்ளு கிள்ளினாங்க. அவரு கத்தின கத்துல ஆளு அசல்தான்னு தெரிஞ்சுது. எங்க எல்லாரையும் ஹாலுக்கு தொரத்திட்டு, முந்தானைய விரிச்சு மறைச்சுகினு அடிச்சாங்க.

கால் வந்துச்சு. ஆபீஸ்காரரு லைன்ல எத்தினி போன் கீதுன்னு பாத்தாரு. எல்லாம் ஊட்டு ஆளுங்களுதுதான். அப்புறம், பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்னு கேட்டாரு. ஜெனி மூக்க தொடச்சுகினே சொன்னா, "அம்மாவுக்கு மட்டும்தான் சார். எனக்கே தெரியாது." அவரு அத குறிச்சுக்கினாரு. "மேடம், நம்ம ஆபீஸ்லயே இவ்வளவு டைட் கிடையாது. நீங்க வீட்லேர்ந்தே வேலை பாருங்க."

ஜெனி நிம்மதியா ஊட்டுல உக்காந்து வேலை பாக்குறா, தெரு பூரா என்னத் திட்டினு கீது, நான் மட்டும் அந்த ஊட்டுக்கு எப்போ போன் போட்டாலும் மேரி அக்கா மொதல்ல "இப்போ யாரு மாதிரி பேசற?"ன்னுதான் கேக்குறாங்க.