கிணற்றடிப் பாசிக்கு ஒரு சாண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுரண்டாதீர்கள் என்று நானே கெஞ்சிக் காப்பாற்றிய பாசியில், நானே கால் வைத்து, என் மாணவர்கள் முன்னிலையில் மல்லாந்து விழுந்தவன் நான்.

களுவாஞ்சிக்குடியில் கல்யாணம் முடித்து, எங்கள் பக்க வழக்கப்படி பெண்வீட்டுக்கே குடிவந்த புதிது. கிணற்றடியில், வாளித் தண்ணீர் சிந்தும் இடமெல்லாம் பச்சைப் பட்டு விரித்தது போலப் பாசி. மாமி தும்புத்தடியோடு அதைத் தேய்க்க வந்தார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் சும்மா இருப்பேனா?

"பாவம் மாமி, விடுங்க. தண்ணிக்குள்ள கிடந்த செடியெல்லாம் தரைக்கு ஏறி வந்த காலத்துச் சொந்தக்காரர் இவர்" என்று தொடங்கினேன். இதற்கு உண்மையான வேர் இல்லை. பிடித்துக்கொள்ள மயிர் போன்ற இழைகள்தான். தண்ணீரை மேலே ஏற்றக் குழாயும் இல்லை, அதனால்தான் இந்தக் குள்ளம். பக்கத்துத் தென்னையோ வேர், குழாய், மெழுகு பூசிய ஓலை என்று சகலதும் தேடிக்கொண்டு வானத்துக்குப் போய்விட்டது. பாசிக்கு இனம் பெருக்கக்கூட ஈரம் வேண்டும். ஆண் அணு நீந்தித்தான் போகவேண்டும். தரைக்கு வந்தும் தண்ணீரை விட மனமில்லாத பிறவி.

மாமி பொறுமையாகக் கேட்டார். "அப்ப, வந்த இடத்தில வேர் விடாம ஒட்டிக்கொண்டு கிடக்கு எண்டு சொல்லுங்க" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாசியைத்தான் சொன்னார் என்று இன்றுவரை நம்புகிறேன்.

அடுத்த கிழமை மாணவர்களைக் கூட்டிவந்தேன். "தரையில் நிமிர்ந்து நிற்பதுதான் தாவரங்களுக்கு வந்த பெரிய சோதனை" என்று சொல்லி வாய் மூடவில்லை, ஆகாயம் தெரிந்தது. பிள்ளைகள் சிரிக்கப் பயந்து கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள். மாமிக்கு அந்தப் பயம் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பிய என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாரி முறியல்லத்தானே? தென்னையைப் பாத்து நிக்கப் பழகுங்க மருமகன்!"

இப்போது மாமிக்கு முழங்கால் நோ. வழுக்கினால் எழும்பமாட்டார் என்று கிணற்றடிக்குச் சீமெந்து போட மேசன் வந்தார். மாமியின் காலா, பாசியா என்று கேட்டால் பாசி என்று சொல்ல எந்த மருமகனுக்குத் துணிவு வரும்? வாயைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அன்று பாடம் ஏறவில்லை, பிள்ளைகளுக்கும்தான், எனக்கும்தான்.

பின்னேரம் வந்து பார்த்தால் எங்கும் சாம்பல் நிறம். தென்னைப் பக்கம் மட்டும் ஒரு சாண் பாசி, வெயிலில் காய்ந்து கருகினாற்போல. ஒரு கை தண்ணீர் தெளித்தேன். பார்த்திருக்கவே சுருண்டது விரிந்து பச்சை திரும்பியது. எனக்கும் அப்படித்தான்.

மாமி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகவா மாமி இதை விடச் சொன்னீங்க?"

"நீங்க விழ ஒரு இடம் வேணுமே, மருமகன்."