இரண்டு கமராக்களில் ஒரு கரை

என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். போன வருஷம் தென்மேற்குச் சோளகக் காற்று வீசத் தொடங்கிய சமயம், விடுமுறைக்கு ஊர் வந்த ஒருவரிடம் எனக்கு ஒரு புதுக் கமராவைக் கொடுத்தனுப்பினார். நான் அபாயா தைத்து விற்பவள். தைத்ததைப் படம் எடுத்துப் போனில் போட்டால்தான் ஓடர் வரும். அதுவரை நான் பாவித்தது, கல்யாணமான புதிதில் முதல் விடுமுறைக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த சின்ன வெள்ளிநிறக் கமரா. என் போனில் எடுப்பதைவிட அதில் கொஞ்சம் தெளிவாக விழும். ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் வேலை செய்த அபாயா அதில் வெறும் கரிக்கட்டியாகத்தான் தெரியும். கழுத்தில் கொடி இருக்கிறது, கையில் பூ இருக்கிறது என்று எழுதித்தான் விற்க வேண்டியிருந்தது.

புதுக் கமராவில் எடுத்த முதல் படத்தை லெப்டொப்பில் போட்டுப் பெரிதாக்கினேன். நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கறுப்புக்குள் இத்தனை கறுப்பு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அடுத்த நாள்தான் மற்றவை கண்ணில் படத் தொடங்கின. அழியாத சோக்குக் கோடு, ஒட்டியிருந்த பஞ்சு, கைப்பட்டியில் ஓர் இடத்தில் தையல் தாவிப் போயிருந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரியவில்லை. விரலால் தடவினாலும் தெரியவில்லை. படத்தில் தெரிந்தது. அந்தக் கைப்பட்டி முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். பிறகு மற்றக் கையையும்.

அந்த அபாயா முந்தல் ஊரில் இருக்கும் ஒரு வாடிக்கைக்காரப் பெண்ணுக்கு உரியது. அவர் போனில் கூப்பிட்டார்.

"என்ன ராத்தா, முடிஞ்சிட்டெண்டு போன கிழமை சொன்னீங்க?"

"கையில சின்ன வேலை ஒண்டு கிடக்கு."

"படத்தில நல்லாத்தானே இருந்திச்சி."

படத்தில் நன்றாக இல்லை என்பதால்தான் பிரித்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் பார்த்தது போனின் சின்னத் திரையில். நான் பார்த்தது வேறு.

இப்படி எதையும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சுவர் வெடிப்பைப் படம் எடுத்தேன், யன்னல் கம்பியின் துருவை எடுத்தேன். ஒரு நாள் பின்கதவைத் திறந்து கடலை எடுத்தேன்.

எங்கள் வீடு புத்தளம் பக்கம், குறிஞ்சிப்பிட்டியிலிருந்து மேற்கே போனால் கடற்கரையோடு இருக்கிறது. பின்பக்கம் கடல், முன்பக்கம் ரோட்டு. அந்த நாட்களில் குசினி விஷயம் எங்களுக்குள் பெரிய கதையாக ஓடிக்கொண்டிருந்தது. சமைக்கிற குசினி சின்னது என்று நான்தான் முதலில் சொன்னேன். அதைப் பின்பக்கமாக, கடலை நோக்கி நீட்டிக் கட்டுவது என்று அவர் முடிவெடுத்தார். சிலாபப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்யும் மேசன் பாஸ் ஒருவர் வந்து நூல் பிடித்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் வீட்டையும் அவர்தான் கட்டினார். சீமெந்து வரவேண்டியதுதான் பாக்கி.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சோளகத்தில் கடல் எப்போதும் ஏறும்தான். ஆனால் இந்த முறை கரை மணல் படிபோல வெட்டுப்பட்டு நின்றது. போனில் அவரிடம் சொன்னால், "நீ எல்லாத்துக்கும் பயப்பிடுவ" என்பார். அதனால்தான் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிஷமே கூப்பிட்டார்.

"நீ சூம் பண்ணி எடுத்திருக்கிற."

"இல்ல. சும்மா நிண்டு எடுத்தன்."

"அப்ப ஏன் கடல் வளவுக்குள்ள நிக்கிற மாதிரி கிடக்கு?"

"அதத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

"அது புதுக் கமரா. எல்லாத்தையும் கிட்டத்தான் காட்டும். பழைய படத்தப் பாரு, அதிலயும் கடல் அங்கதான் நிக்குது."

பழைய படத்தை அனுப்பியும் வைத்தார். அத்திவாரம் வெட்டிய நாளில் நான் வெள்ளிநிறக் கமராவால் எடுத்தது. நான் கிணற்றடியில் நின்றிருந்தேன். அவர் வீட்டின் கடைசி மூலைக்கு அடித்த கட்டையின் பக்கத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் கடல்.

அதைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது. அவருடைய முகம் போனது, சாரத்தின் கோடுகள் போயின. வானம் வெள்ளை. அவருடைய நெஞ்சுக்குக் கீழேயும் வெள்ளை. நடுவில் கழுத்தையொட்டி ஒரு மெல்லிய நீலத் துண்டு. கீழேயுள்ள வெள்ளையில் எது மணல், எது நுரை? அந்தக் கமராவுக்கு வெயிலில் இரண்டும் ஒன்றுதான். வெள்ளை முழுக்க மணல் என்றால் அன்று கடல் எட்டத்தில் இருந்தது; இன்று கிட்ட வந்துவிட்டது. பாதி நுரை என்றால் அவர் சொல்வது சரி, கடல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக நாலைந்து புள்ளிகள் இருந்தன. அது கரைக்கு இழுத்து வைத்த படகு என்றால் அங்கே மணல்தான். கல் என்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

மேசன் பாஸ் வந்தபோது லெப்டொப்பைத் திருப்பிக் காட்டினேன்.

"இது என்னவெண்டு தெரியுதா பாஸ்?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தோணிதான் தங்கச்சி. அந்தக் காலத்தில இதில வாடி ஒண்டு இருந்ததுதானே." பிறகு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "நாயாவும் இருக்கலாம்" என்றார்.

நான் அவர் போன பிறகும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைக்க உட்கார்ந்தால் கை ஓடாது. எழும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்து கடலைப் பார்ப்பேன், திரும்ப வந்து படத்தைப் பார்ப்பேன். பின்னேரம் அஸர் தொழுத பிறகு கரையில் நடந்துபோய், மீன்பிடிகாரர் தங்கும் அந்த வாடி இருந்த இடத்தைத் தேடினேன். அலை வந்து காலை நனைத்த இடத்தில் நின்று, இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். நாலு எட்டு வைத்தால், இல்லை, அது இன்னும் தெற்கே என்று தோன்றும்.

அவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் இரண்டு குடும்பங்களும், தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இந்தப் பக்கம் இறங்கியவை. நான் அப்போது கைக்குழந்தை. எல்லாம் உம்மா சொல்லித் தெரிந்ததுதான். அவருக்கு நினைவிருக்கிறது. அவருடைய வாப்பா வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவர். ஓலைக் கொட்டிலிலும் தகரக் கொட்டிலிலும் வளர்ந்து, கட்டார் போய், சொந்தமாக வாங்கிய முதல் நிலம் இது.

"இனி ஒருத்தருக்காகவும் நான் எழும்ப மாட்டன்" என்றார் ஒரு நாள் போனில்.

"உங்கள ஆர் எழும்பச் சொன்ன? குசினியப் பின்னால கட்ட வேணாமெண்டுதானே சொல்றன்."

"இண்டைக்கு குசினி எண்டுவ. நாளைக்கு வீடு எண்டுவ."

அதையும் நான் யோசித்துத்தான் இருந்தேன்.

பழைய கமராவாலேயே திரும்ப எடுத்துப் பார்த்தால் என்ன என்று பிறகுதான் மனதில் பட்டது. இரண்டு கமராக்களை வைத்துக்கொண்டு அவர் ஒன்றையும் நான் ஒன்றையும் நம்பினால் இது முடியாது. ஒரே கமரா, ஒரே இடம். தைக்கிற சாமான் வைக்கும் மேசை லாச்சியிலிருந்து அதை எடுத்தேன். பற்றரி செத்துப்போயிருந்தது. புத்தளம் டவுனில் போன் திருத்தும் கடையில் பொருத்தமான ஒன்றைத் தேடிப் பிடித்தேன். லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிடும். தட்டினால் மிச்சம் வரும்.

மேசன் பாஸை மூலைச் சுவரோடு நிற்கவைத்து, கிணற்றடியிலிருந்து எடுத்தேன். அதே மாதிரி வெள்ளை வானம், வெள்ளைக் கரை. ஆனால் நீலம் மெல்லிய துண்டாக இல்லை. பாஸின் கழுத்திலிருந்து இறங்கி இடுப்பைத் தொட்டது.

அனுப்பினேன். அவர் திறந்து பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"பாஸ் என்னை விட உயரம் குறைவு."

"நாலு விரல் குறைவு. அதுக்கு இவ்வளவு வித்தியாசம் வருமா?"

"அத்திவாரம் வெட்டினது மாரிக்குப் பிறகு, கடல் அடங்கின காலம். நீ எடுத்தது சோளகத்தில. சோளகத்தில கடல் ஏறும்தானே?"

அது நியாயமான கேள்வி. அதற்காகவே இன்னும் கோபம் வந்தது.

"அப்ப நீங்க வந்து பாருங்க. அதுவரைக்கும் ஒரு கல்லும் வைக்க வேணாம்."

முதல் முறையாக, "சரி" என்றார்.

மாரி விட்டதும் வந்தார். வந்த அன்று பெட்டியை விறாந்தையில் வைத்துவிட்டு நேரே பின்பக்கம் போனார். கடல் குளம்போலக் கிடந்தது. சோளகத்தில் தெரிந்த மணல் வெட்டுப் பாதி மூடியிருந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு கதை கதைச்ச?"

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை மாதம் இல்லாத ஒன்றைப் படத்தில் தேடித் திரிந்தேனோ என்று நினைத்தேன். ஆனாலும் அடுத்த நாள் காலை அவரைக் கூப்பிட்டு மூலையில் நிற்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் பழைய கமராவைத் தட்டித் தட்டி எடுத்தேன், பிறகு புதியதில் எடுத்தேன்.

லெப்டொப்பில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் அதே வெள்ளிநிறக் கமரா, இரண்டிலும் அதே ஆள், அதே மூலை, கடல் அடங்கின அதே காலம். அன்றைய படத்தில் கடல் அவருடைய கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருந்தது. இன்றைய படத்தில் கழுத்திலிருந்து வயிறு வரை வந்திருந்தது. சோளகத்தில் பாஸுக்கு இருந்த அளவுக்கு இல்லை. ஆனால் அன்றைய அளவும் இல்லை.

அவர் சிரிப்பை நிறுத்தினார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன்னுடைய நெஞ்சைத் திரையில் விரலால் தொட்டார், பிறகு மற்றப் படத்தில் வயிற்றைத் தொட்டார்.

"இதில நான் கொஞ்சம் கிட்ட நிக்கிறனா?"

"சுவரோட ஒட்டித்தான் நிண்டீங்க."

"நீ கிணத்துக்கு இந்தப் பக்கம் நிண்டியா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம். அண்டைக்கும் இந்தப் பக்கம்தான்."

புதுக் கமராவின் படத்தைத் திறந்தார். அதில் எல்லாம் தெரிந்தது. நுரை வேறு, ஈர மணல் வேறு, காய்ந்த மணல் வேறு. கரையோரத் தென்னையின் வேர்கள் மண்ணை விட்டு வெளியே வந்து மயிர்போலத் தொங்கின. அந்தத் தென்னையை முதல் நாள் அவர் தாண்டித்தான் போயிருந்தார். அதைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், திரும்பவும் பெரிதாக்கினார். சாப்பிடக் கூப்பிட்டேன், வருகிறேன் என்றார், வரவில்லை. லுஹர் தொழுதுவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தார். எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அவருக்கு இருந்த நம்பிக்கையில் நானும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

பின்னேரம் பாஸைக் கூப்பிட்டார்.

"குசினியை ரோட்டுப் பக்கம் எடுப்பம் பாஸ்."

பாஸ் பின்பக்கக் கட்டைகளைப் பிடுங்கினார். நூலைச் சுருட்டிக்கொண்டு முன்பக்கம் போனார்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவருக்குத்தான் அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழும்பிக் கரைக்குப் போவார். குடிதண்ணீர்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார். தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்து உப்புப் பார்ப்பார். ஒரு நாள் அவராகவே கேட்டார்:

"உன்ட ராத்தா இருக்கிற பக்கம் காணி இருக்கெண்டு சொன்னியே?"

என் கூடப்பிறந்த ராத்தா கல்யாணம் முடித்துப் போனது வண்ணாத்திவில்லுவுக்கு. அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில் மரமுந்திரிகை நின்ற ஒரு துண்டு நிலம் விலைக்கு இருந்தது. பஸ்ஸில் போனோம். சிவப்பு மண், நல்ல கிணறு, பாடசாலை பக்கத்தில். ராத்தாவின் கணவரான மச்சான் எல்லையைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தார். என் கணவர் நிலத்தின் நடுவில் போய் நின்றார். அங்கே நின்று எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார்.

"சத்தமே இல்ல" என்றார்.

"இது காட்டுப்பக்கம். சத்தம் இருக்காது" என்றார் மச்சான்.

நானும் கேட்டுப் பார்த்தேன். காற்றில் இலை ஆடியது. அலைச் சத்தம் இல்லை. ராத்தா சமைத்து வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிக் கிளம்பினோம்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

"உனக்குப் பிடிச்சிருந்திச்சா?"

"நல்ல காணிதான்."

"அதக் கேக்கல்ல."

"உங்களுக்கு?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் திரும்பக் கட்டாருக்குப் போய்விட்டார். குசினி ரோட்டுப் பக்கம் எழும்பிவிட்டது. நான் என்ன சமைக்கிறேன் என்று இப்போது ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். காணிக்காரர் இரண்டு தரம் ராத்தாவிடம் கேட்டுவிட்டாராம். ராத்தா என்னைக் கேட்கிறார், நான் என் கணவரைக் கேட்கிறேன். "இன்ஷா அல்லாஹ், பாப்பம்" என்கிறார். அதையே நான் ராத்தாவிடம் சொல்கிறேன். சோளகம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.