வசந்தமலர் போட்ட புள்ளிகள்

லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ எது நடந்தாலும் முதல் அழைப்பு வசந்தமலர் வீட்டுக்குத்தான் வரும். காரணம் அவருடைய வாய். சோறு குழைந்து களியாகிப் போயிருக்கும், கத்தரிக்காய்க் கறி எண்ணெயில் மிதக்கும். வசந்தமலர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "சுப்பர்! ஆரிட்டை ஓடர் குடுத்தனீங்கள்?" என்று கேட்பார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. ஒருவர் மினக்கெட்டுச் செய்ததைக் குறை சொல்வதும் அவர் வீட்டில் களவெடுப்பதும் வசந்தமலருக்கு ஒன்றுதான்.

கணவர் கனகலிங்கமும் அதற்கேற்ற ஆள்தான். பெற்றோல் ஸ்டேசனில் வேலை. தட்டில் விழுந்ததைச் சாப்பிடுவார், "நல்லாயிருக்கு" என்பார், கை கழுவுவார். அந்த மனிதர் போன வருடம் அருட்பிரகாசத்தின் மகள் கலியாணத்தில் மைக்கை வாங்கி, சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, மாப்பிள்ளையின் முழியும் சரியில்லை, எல்லாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போங்கோ என்று அறிவித்தார். சனம் முதலில் பகிடி என்று நினைத்துக் கைதட்டியது. அதன் பிறகு அழைப்பிதழ்கள் வரவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டொக்டர், மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். இப்போதைக்கு நினைவு தப்பாது, நாக்குத்தான் கட்டுக்கடங்காது. இதற்கென்று மருந்து இல்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் புது மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறார்கள், அதில் இடம் கிடைத்தால் நல்லது என்றார். அந்த இடம் கிடைக்கவேண்டும் என்று வசந்தமலர் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார்.

பல்கலைக்கழகத்தில் மூளை வியாதி டொக்டர்மாரும் உணவு விஞ்ஞானிகளும் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்பவர்களும் ஒரே ஆராய்ச்சிக்குக் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். கூடாத சாப்பாட்டை முகத்துக்கு நேரே நல்லது என்று சொல்ல மனிதன் எந்த வயதில் பழகுகிறான், மூளை பழுதானால் அந்தப் பழக்கம் எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. மருந்துக்கு ஆள் எடுப்பதும் இந்தச் சோதனையை வைத்துத்தான். அதற்காக உணவு விஞ்ஞானிகள் மாதக்கணக்காகப் பாடுபட்டு, எவராலும் தின்ன முடியாத ஒரு பிஸ்கற்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். பாகற்காய், மீன் எண்ணெய், உப்பு, பல்லில் ஒட்டும் பசை. இதற்கு விருது வேறு வாங்கினார்களாம்.

சோதனைக்கு இருவரும் போனபோது, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகளின் அறை. மூன்று வயதுக் குழந்தை ஒன்று பிஸ்கற்றைத் துப்பிவிட்டு வீரிட்டு அழுதது. ஆறு வயதுப் பெடியன் "யம்மி" என்று சொல்லிக்கொண்டே அதைச் சோபா இடுக்கில் செருகினான். வசந்தமலருக்கு அவனைப் பிடித்துவிட்டது.

"நல்ல வளர்ப்பு" என்றார்.

நோயாளியும் அவரோடு வீட்டில் இருப்பவரும், இருவருமே பிஸ்கற் தின்று பத்துக்குப் புள்ளி போடவேண்டும். கனகலிங்கம் ஒரு கடி கடித்தார். "இதை நாய்க்கும் வைக்கக்கூடாது. உங்களுக்குச் சம்பளம் தாறவனைச் சொல்லோணும்" என்று பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் சொல்லி, பூச்சியம் போட்டார். உணவு விஞ்ஞானிகளுக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு நேர்மையான நாக்கை அவர்கள் கண்டதே இல்லை. வேலைக்கு வரமுடியுமா என்று கேட்டார்கள்.

வசந்தமலர் முழுவதையும் தின்றார். பத்துக்குப் பத்து போட்டார். செய்முறை கேட்டார். பக்கத்து வீட்டுக்கென்று இரண்டைக் கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டார்.

ஆராய்ச்சிக் கூடமே கலங்கிவிட்டது. அவருடைய நாக்கில் துளித்துளியாகக் கசப்பும் புளிப்பும் விட்டுப் பார்த்தார்கள். நாக்கு நன்றாகவே இருந்தது. அடுத்து, கணவரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஆட்களின் மனம் நோகப் பேசுவாரா? இல்லை, தங்கமான மனுசன். கோபம்? வராது. குணத்தில் ஏதாவது மாற்றம்? ஒன்றுமில்லை, எல்லாம் நல்லது. ஆம்பிளையைப் பற்றி, அதுவும் அவர் பக்கத்தில் இருக்கும்போது, வெளியாளிடம் வேறென்ன சொல்வது?

புள்ளிகளையும் பதில்களையும் மட்டும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். கணவர் சுகதேகி, மனைவிக்குத்தான் வியாதி என்று அது தீர்ப்புச் சொன்னது.

முடிவைச் சொல்ல வந்தவள் தர்மிகா. லண்டனிலேயே எட்மண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளராக வேலை செய்பவள்.

"அன்ரி, மருந்துக்கு உங்கடை பேர் வந்திருக்கு. அங்கிள் நோர்மலாம்."

"எனக்கேன் பிள்ளை மருந்து?"

"அதுதான். நீங்கள் உண்மையைச் சொல்லோணும். அங்கிளிலை ஒரு மாற்றம், ஒண்டே ஒண்டு சொன்னால்தான் அவருக்கு இடம் குடுப்பினம். இண்டைக்குத்தான் கடைசி."

வசந்தமலர் கைப்பையைத் திறந்தார், மூடினார். குறை சொல்ல அவர் வாய் பழகவில்லை. ஊரையெல்லாம் புகழ்ந்த வாயால் பெற்ற பலன் இதுதானா என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பக்கத்தில் கனகலிங்கம் தர்மிகாவின் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்து, மலிவுச் சாமான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேற்று ஆட்டிறைச்சிக் கறி வைச்சனான்" என்று கடைசியில் தொடங்கினார் வசந்தமலர். "அவர் சட்டியோடை தூக்கிக் குசினிச் சிங்கிலை ஊத்தினவர்."

"ஏன் அன்ரி?"

"அது வாயிலை வைக்கேலாது பிள்ளை."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். ஆனால் இனி நிறுத்த முடியவில்லை.

"நான் கலியாணம் முடிச்ச நாள் துடக்கம் என்ரை கறி வாயிலை வைக்கேலாது. எனக்கு உப்பு அளவும் வராது, புளி அளவும் வராது. எனக்கே நல்லாத் தெரியும். இந்த மனுசன் ஒவ்வொரு நாளும் அதைச் சாப்பிட்டுப்போட்டு, என்ரை முகத்தைப் பாத்து, நல்லாயிருக்கு எண்டு சொன்னவர். ஒருநாள் தவறேல்லை. இப்ப உண்மை சொல்லுறார். எனக்கு உண்மை வேண்டாம். எனக்கு அந்தப் பொய்க்காரன்தான் வேணும். உந்த மருந்திலை அவர் திரும்பி வருவாரோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

அவர் அழுதார். தர்மிகாவுக்கும் கண் கலங்கியது.

கனகலிங்கம் மனைவியை உற்றுப் பார்த்தார்.

"அழாதையும். அழேக்கை உம்மடை முகம் நல்லாயில்லை."

தர்மிகா இருவர் சொன்னதையும் அப்படியே எழுதி அனுப்பினாள். இடம் கனகலிங்கத்துக்குக் கிடைத்தது.