"அவுக போகட்டும்" என்று காத்திருந்த டிவி கேம்

அடாப்டர் சூடேறும்போது ஒரு வாசனை வரும்… பாதி பிளாஸ்டிக், பாதி டிவி மேல் போர்த்திய துணியின் தூசி. அது வந்துவிட்டால் அம்மா அடுப்படியில் இருந்தே சத்தம் போடுவாள்.

"போதும்டி! அதுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் குடுங்க!"

ரெண்டாயிரத்து மூன்று, நான்கு இருக்கும். நாங்கள் திருத்தங்கலில் இருந்தோம். அப்பாவுக்கு பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை. காலண்டர் சீசன் முடிந்த கையோடு சிவகாசியில் ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். கேசட் மேலே 999 கேம் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது ஏழு. அதையே பேர் மாற்றி மாற்றி அடுக்கியிருந்தான் புண்ணியவான்.

அதில் எனக்கும் எதிர்வீட்டு செல்விக்கும் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். வரிசை வரிசையாகக் கட்டம். நடுவில் சந்து. குட்டியாக ஓர் ஆள். மூக்கு கிடையாது, வாய் கிடையாது. அந்த ஆள் குண்டு வைத்துச் சுவரை உடைத்து, எங்கோ ஒளிந்திருக்கும் கதவைக் கண்டுபிடித்து வெளியே போக வேண்டும். குறுக்கே உருண்டை உருண்டையாகச் சில அலையும். அதைத் தொட்டால் நாம் காலி.

கதை என்னவென்று யாருக்குத் தெரியும்? திரையில் வந்த எழுத்து எந்த ஊர் பாஷை என்றே தெரியாது. அதனால் கதையைச் செல்வி சொன்னாள்.

"இது பட்டாசு கம்பெனிடி. அங்கன பாரு, ரூமுக ஒவ்வொண்ணும் தள்ளித் தள்ளி இருக்குல்ல?"

"அப்ப இந்த உருண்டையெல்லாம் யாரு?"

"வேலை பாக்குற ஆளுக."

"அவுகளைத் தொட்டா நாம ஏன்டி சாகுறோம்?"

"மருந்து ரூம்ல ஒருத்தர ஒருத்தர் உரசலாமா? உரசுனா தீப்பிடிச்சிரும்ல!"

அவள் அம்மா முத்துலட்சுமி ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை பார்த்தார். கம்பெனியில் அவருக்கு இருந்த சட்டம்தான் எங்கள் கேமுக்கும். நான் நைலான் பாவாடையோடு வந்தால் செல்வி கேம் ரிமோட்டைத் தர மாட்டாள். ஆட உட்காரும் முன் எங்கள் வீட்டுச் செம்புக் குடத்தைத் தொட்டுவிட்டு வரவேண்டும். கம்பெனி வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டால் உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கிவிடுமாம். எங்கள் வீட்டுக்கும் அதே விதி!

இன்னொரு கொடுமை. உருண்டை ஏதாவது பக்கத்தில் இருந்தால் குண்டு வைக்கவே கூடாது. "அவுக போகட்டும்டி… அவுக போகட்டும்…" என்று காத்துக்கொண்டே இருப்பாள். டைம் முடிந்து தோற்போம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ரெண்டு தடவை ரிமோட்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின ஒரு சனிக்கிழமை மத்தியானம். செல்வி ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஜன்னல் கதவு அதிர்ந்தது. அப்புறம்தான் சத்தம் காதுக்கு வந்தது.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு கம்பெனி வெடிக்கும் அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. தெருவே வாசலுக்கு வந்து எந்தப் பக்கம் புகை என்று பார்த்தது. ஆனைக்குட்டம் பக்கம்தான்.

செல்வி வெளியே வரவில்லை. பாஸ் பட்டனை அழுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாட்டு நின்றுவிட்டது. அந்தக் குட்டி ஆள் ஒரு சந்தில் ஒரு கால் தூக்கியபடி நின்றது. அம்மா டிவியை அணைக்கப் போனாள்.

"அத்தை, ஆஃப் பண்ணாதீக."

"இருக்கட்டும்மா…" என்று சொல்லிவிட்டு அம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். போன் யாரிடம் இருந்தது அப்போது? நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று… சாமி, கரண்ட் மட்டும் போயிரக் கூடாது. ஏன் அப்படி வேண்டினேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ரெண்டு மணி நேரம் இருக்கும். வாசலில் நிழல் விழுந்தது. கை, முகம், புருவமெல்லாம் அலுமினியத் தூள் பளபளக்க செல்வியின் அம்மா நின்றார்.

"நம்ம கம்பெனி இல்ல மதினி, பக்கத்துக் கம்பெனி. வேன் வரல, நடந்தே வந்தேன். இந்தப் புள்ள பயந்துட்டாளா?"

செல்வி எழுந்துபோய் அவர் தோளில் நாலு அடி அடித்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது. அவர் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தார்.

"இது என்ன, ஆடாம அசையாம நிக்குது?"

"ஒன்னயத்தான் நிப்பாட்டி வச்சிருந்தேன்" என்றாள்.

அந்தப் பக்கத்துக் கம்பெனியில் ஒருவர் வீடு திரும்பவில்லை என்று மறுநாள் தெரிந்தது. நாங்கள் சந்தோஷப்பட்ட நேரத்தில் இன்னொரு வீட்டில் அழுதிருக்கிறார்கள். அது இன்றும் உறுத்தும்.

இப்போது என் மகன் ஆடும் கேமைப் பார்த்தால் அசந்துபோவேன். நெருப்பு நெருப்பாகவே இருக்கிறது, புகைக்குள் தூசி பறக்கிறது. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பேர், ஒரு குடும்பம், ஒரு பழைய கதை. போன மாதம் அதில் ஒருவர் செத்ததற்கு ராத்திரி சாப்பிடவே இல்லை அவன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் கதை சொல்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டதற்கு நான் நன்றி சொல்கிறேன்… மூக்கு வாய் இல்லாத முகத்தில் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

நேற்று அவன் கேட்டான், "ஒங்க கேம்ல ஹீரோ பேரு என்னம்மா?"

"முத்துலட்சுமி."

"லேடியா? கடைசில என்ன ஆச்சு?"

"வீட்டுக்கு வந்துட்டாங்கடா. திருத்தங்கல்ல இருக்காங்க. போன வாரம்கூட போன்ல பேசினேன்."