மாத்திரையும் அரளிவேரும்

செஞ்சியில் நான் மருந்தாளுநராக இருந்த கிளினிக்கில், ஒரு காலை வல்லத்து விவசாயி ஏழுமலையை ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கினார்கள். இதயத் துடிப்பு சீரில்லாததற்காக டிகாக்சின் மாத்திரை சாப்பிட்டுவந்தவர். ஓயாத வாந்தி. நாடி நாற்பதுக்குக் கீழே. பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். டிகாக்சின் மிகுந்தால் வரும் அறிகுறிகள். ஆனால் அட்டையில் மாத்திரைகள் கணக்காகவே இருந்தன, கூடுதலாக ஒன்றும் சாப்பிடவில்லை.

டாக்டர் அவர் மனைவி வள்ளியிடம் கேட்டார். "ஏம்மா, நாட்டு மருந்து ஏதாவது குடுத்தியா?"

"ஐய, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

இப்படிக் கேட்பது மருத்துவ விதி. இல்லை என்பது எங்கள் ஊர் விதி. ஆமாம் என்றால் திட்டு விழும். திட்டு வாங்க யாரும் ஆட்டோ பிடித்து வருவதில்லை.

டாக்டர் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்சுக்குச் சொன்னார். உள்ளே போனது என்னவென்று தெரியாமல் அனுப்பினால் அங்கேயும் தடவிக்கொண்டிருப்பார்கள். வள்ளியைக் கவுன்டர் பக்கம் அழைத்தேன்.

"நெஞ்சுக்கு மருதம்பட்டைக் கஷாயம் நல்லதுதாம்மா. நானும் குடிச்சிருக்கேன்."

குடித்ததில்லை. எந்தக் கையேட்டிலும் இல்லாத செயல்முறை இது.

வள்ளியின் முகம் தெளிந்தது. "பாத்தியா சார்! அவலூர்பேட்டைல வாங்கியாந்து காச்சிக் குடுத்தேன்."

"வெறும் பட்டைதானா?"

"என் தம்பி ஃபோன்ல பாத்துட்டு அரளிவேரும் போட்டான். 'டேய், அது வெசம்டா'ன்னேன். 'கொதிச்சா வெசம் பூடும், நீ இன்னா டாக்டரா'ன்னான்."

கொதித்தாலும் போகாது. டிகாக்சினும் ஒரு செடியின் இலையிலிருந்து வந்ததுதான். அரளியின் நஞ்சு அதற்குப் பங்காளி. இரண்டும் இதயத்தில் ஒரே இடத்தைப் பிடிக்கும். மாத்திரைக்கு அளவு உண்டு. சட்டிக்கு இல்லை.

உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் என் பின்னாலேயே வந்த வள்ளியை நோக்கி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"திட்டு அப்புறம் சார். மொதல்ல லெட்டர்ல அரளின்னு எழுதுங்க."

எழுதினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனிலும் சொன்னார். அவர்கள் தயாராக இருந்தார்கள். ஏழுமலை பிழைத்தார்.

நோயாளிகள் மறைக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் இளைய மருந்தாளுநர்களே, போன தடவை உண்மை சொன்னவரை நாம் என்ன செய்தோம் என்று பாருங்கள்.

மறுபரிசோதனைக்கு வந்த அன்று, டாக்டர் கேட்பதற்கு முன்பே வள்ளி ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"சுக்கு சார். வெறும் சுக்கு. திட்றதுன்னா இப்பவே திட்டிடு."

டாக்டர் முகர்ந்து பார்த்தார். திட்டவில்லை. என் பணிக்காலத்தில் நான் கண்ட பெரிய மருத்துவ முன்னேற்றம் அதுதான்.