மூன்றாவது ஓலை

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒற்றை, என் கையெழுத்து, நான்காக மடித்த தடம். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கல்யாணத்துக்கு முந்திய மூன்று ஞாயிறும் பூசை முடிவில் மணமக்களின் பெயர்களைச் சபைக்கு அறிவிப்பார்கள். அதை ஓலை வாசிப்பது என்போம். “இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதை அறியத்தரக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று அது முடியும். அந்த வசனத்தை எத்தனையோ பேருக்கு நான் வாசித்திருக்கிறேன். ஒருநாளும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. அன்று வாசித்து முடித்து, தாளை மடித்துக்கொண்டு இறங்கக் கால் எடுத்தபோது, கடைசி வரிசை வாங்கிலிருந்து “தடை இருக்கு ஃபாதர்” என்று ஒரு குரல் கேட்டது. நான் வாசித்த பெயர் என் தங்கையுடையது.

எழும்பி நின்றவர் தையலக்கா. ஊரில் எல்லோருக்கும் அவர் தையலக்காதான். சாவகச்சேரிச் சந்தைக்குப் போகும் ஒழுங்கையில் வீடு, விறாந்தையில் காலால் மிதிக்கும் தையல் மெஷின். கோயிலில் அவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. கூட்டங்களில் கதைக்கமாட்டார், பாட்டும் உதட்டளவுதான். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே பூசைக்கு வந்துவிடுவார், நாங்கள் பகிடி பண்ணுவோம். நானோ பங்குச் சபைச் செயலாளர், பாடகர் குழுவின் பொறுப்பாளர், பள்ளிக்கூடத்திலும் வாத்தியார். ஒலிவாங்கி எனக்குச் சீதனமாக வந்தது என்று இளைஞர்கள் நக்கலடிப்பார்கள். இந்தக் கோயிலின் தலைவர் யார் என்று எவராவது கேட்டிருந்தால், அடக்கமாக வேறு யாரையோ கைகாட்டிவிட்டு மனதுக்குள் என்னைத்தான் நினைத்திருப்பேன்.

அப்பா இல்லாத வீடு. தங்கையின் கல்யாணத்தை அம்மாவும் நானும்தான் பேசி முடித்தோம். மாப்பிள்ளை பிரான்ஸில், பெற்றோர் கொடிகாமத்தில். குறை சொல்ல ஒன்றுமில்லாத இடம். தங்கையிடம் விஷயத்தைச் சொன்னோம், அவள் தலையைக் குனிந்தாள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். மூன்றாவது ஓலைக்கு முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் தையலக்கா எங்கள் படலையடிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“தம்பி, சட்டைக்கு அளவெடுக்கேக்கை பிள்ளை அழுதது. உனக்கு விருப்பமோ எண்டு கேட்டன். இல்லையெண்டு தலையாட்டினது. மாப்பிள்ளையோடை போனிலை கதைக்கவே பயமாயிருக்காம். ஒருக்கா இருந்து கதையுங்கோ.”

“கல்யாணத்துக்கு முதல் பொம்பிளைப் பிள்ளையள் அழுகிறது புதுசே அக்கா? நீங்கள் சட்டையைத் தையுங்கோ” என்றேன். அந்தப் பதில் அப்போது எனக்குச் சாதுரியமாகக்கூடத் தோன்றியது. அவர் படலையைச் சாத்திவிட்டுப் போனார். பங்குத்தந்தையிடம் சொல்வதற்கும் வழியில்லை. அவர் அந்த வாரம் ஊரில் இல்லை, ஞாயிறு காலை பூசைக்குத்தான் வந்து இறங்கினார்.

ஆகவே தையலக்கா கடைசி வாங்கில் எழும்பி நின்றார். முன்வாங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “சொல்லச் சொல்லி வாசிச்சினம், அதுதான் சொல்லுறன் ஃபாதர். பிள்ளைக்கு விருப்பமில்லை. அதுவும் தடைதானே?” அவ்வளவுதான், இருந்துவிட்டார். கையில் மடித்த தாளுடன் பீடத்தருகே நின்றேன். பங்குத்தந்தை ஒன்றும் நடவாததுபோல் ஆசீர் கொடுத்து முடித்தார். பிறகு தங்கையை மட்டும் அழைத்துக்கொண்டு உடுப்பு மாற்றும் அறைக்குப் போனார், கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. வெளியே வந்து அம்மாவிடமும் என்னிடமும், “இந்தக் கல்யாணத்தை நான் செய்துவைக்கமாட்டன்” என்றார். அம்மா குடையைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வெயிலில் நடந்து போனார்.

அன்று மத்தியானமே தையலக்கா வீட்டுக்குப் போய், தைத்தது பாதி தைக்காதது பாதியாகக் கிடந்த தங்கையின் வெள்ளைக் கல்யாணச் சட்டையை வாங்கிவந்தேன். நான் கதைத்த கதைகளை எழுத வெட்கமாயிருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். “உங்களுக்கு ஆர் உந்த அதிகாரம் தந்தது?”

அவர் துணியை மடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீர்தானே தம்பி வாசிச்சனீர். கடமை எண்டு வாசிச்சனீர்.”

அவர் குத்திக் கதைக்கவில்லை, வாதாடவும் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. எங்கள் எல்லோருக்கும் அந்த வசனம் அறிவித்தலின் வால். அவர் ஒருவர்தான் அதை உண்மையாகவே காதில் வாங்கியிருந்தார். வாசித்தவனுக்கே அது கேட்கவில்லை.

அதன்பிறகு பல மாதம் எங்கள் ஆட்கள் அவரிடம் துணி கொடுக்கவில்லை. பாடகர் குழுவின் உடுப்புகளைத் தொலைவிலிருக்கும் சுன்னாகத்துக்குக் கொண்டுபோய்த் தைப்பித்தேன், அவ்வளவு வன்மம் எனக்கு. அவர் அதே கடைசி வாங்குக்கு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார், என்னைக் கண்டால் சுகம் விசாரித்தார். மெல்ல மெல்லப் பெண்பிள்ளைகள் தாங்களாகவே அவரிடம் போகத் தொடங்கினார்கள். ஒரு சட்டை அளவுக்குப் போனவர்கள் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டு வந்தார்கள். “அங்கை அனுப்பினால் ஓலை நிண்டிடும்” என்று தாய்மார் பகிடியாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு அனுப்பவும் செய்தார்கள்.

இதெல்லாம் நடந்து பதின்மூன்று ஆண்டுகள். போன மாதம் எங்கள் பங்கில் தலைமைத்துவப் பயிற்சி வைத்தார்கள். அனுபவசாலி என்று என்னைப் பேசச் சொன்னார்கள். உரையை எழுதி முதலில் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இப்போது ஆஸ்பத்திரியில் தாதி. காலை வேலை முடிந்து இரவு வேலைக்குப் போவதற்கு இடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். முன்னே நிற்பவன், வழிகாட்டுபவன், பொறுப்பை ஏற்பவன் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மூண்டு ஓலையும் நீங்கள்தான் வாசிச்சனீங்கள் அண்ணை. ஒவ்வொருக்காலும் வாசிச்சு முடிய நிமிர்ந்து என்னைப் பாப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். பாத்திருந்தால் விளங்கியிருக்கும். நீங்கள் தாளைத்தான் மடிச்சியள்.”

கோபமில்லாமல் சொன்னாள். நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தையலக்கா எழும்பியதுதான் என் வாழ்வில் நான் கண்ட பெரிய அதிர்ச்சி என்று பதின்மூன்று ஆண்டுகள் நினைத்திருந்தேன். இல்லை. இரண்டாவது வாங்கிலிருந்து மூன்று ஞாயிறு என்னையே பார்த்துக்கொண்டிருந்த முகத்தை நான் காணாததுதான் அது. பயிற்சிக்குப் போகவில்லை. சுகமில்லை என்று சொல்லிவிட்டேன், அது பொய்யுமில்லை.

சென்ற ஞாயிறு மறுபடி ஓலை. என் முன்னாள் மாணவி ஒருத்தியின் பெயர், இரண்டாவது வாசிப்பு. கடைசி வசனத்தை வாசித்து முடித்துத் தாளை மடிக்காமல் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பிள்ளை தாய்க்குப் பக்கத்தில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி வாங்கில் தையலக்காவும் இருந்தார், கழுத்தில் நாடா. பூசை முடிந்ததும் ஒலிவாங்கியைக்கூடக் கழற்றி வைக்காமல் நேரே அந்தப் பிள்ளையிடம் போனேன். தாயைச் சற்று விலகச் சொன்னேன்.

“பிள்ளை, உமக்கு விருப்பமோ?”

அவள் திடுக்கிட்டாள். பிறகு முகம் மலர்ந்தது.

“ஓம் சேர், விருப்பம்தான்” என்றாள். “ஆனால் இவ்வளவு நாளும் என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”