நம்பர் இருந்தால் ஜர்னலா?

நூலகர் வேலை என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பது என்று ஊர் நினைக்கிறது. அச்சில் வந்ததெல்லாம் ஒன்றல்ல என்று சொல்லி நல்லவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதுதான் வேலை என்பது, என்னைப் போல இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும்.

வார இதழ்

பொழிச்சலூர் ஸ்டெல்லா, பள்ளி ஆசிரியை. தாம்பரத்தில் எங்கள் கல்லூரியில் பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்தார். தலைப்பு, கிணற்றுத் தண்ணீர். முதல்முறை வந்தபோது ஆதாரமென்று ஒரு வார இதழ்க் கட்டுரையை நீட்டினார். அது பொதுஜனம் படிப்பதற்கு, ஆய்வு ஜர்னல் வேறு, அங்கே விஷயம் தெரிந்தவர்கள் படித்துக் குறை சொன்ன பிறகுதான் அச்சேறும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“குறை சொல்றதுக்குன்னே ஆள் வெச்சிருக்காங்களா சார்? எங்க எச்.எம். மாதிரி?”

ஒரே ராத்திரி

நல்ல ஜர்னலுக்கு அனுப்பிய கட்டுரைக்கு மாதக்கணக்கில் பதிலில்லை. கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. ஒருநாள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். வேறொரு ஜர்னலுக்கு முந்தின சாயங்காலம் அனுப்பினாராம், காலையில் ஏற்றுக்கொண்டார்களாம், அச்சிலும் வந்துவிட்டதாம். ஒரே ராத்திரியில் யார் படித்திருப்பார்கள்? பத்திரிகைகளுக்குத் தரும் ஐ.எஸ்.எஸ்.என். நம்பர் இருக்கிறதே என்று காட்டினார். அது வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி, ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று சொல்லாது என்றேன். பாக்ஸைத் திறந்து நீட்டினார்.

“ஸ்வீட்டாவது எடுத்துக்கோங்க சார்.”

சுவரில்

நான் பயந்தபடியே பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரையைத் தள்ளிவிட்டது. ஒருமுறை அச்சானதை நல்ல ஜர்னலும் தொடாது. பல வருஷ உழைப்பு வீண். புதிதாகத் தண்ணீர் மாதிரிகள் எடுத்து மறுபடி எழுதலாம் என்று சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தார். எதிர்ச் சுவரில், அந்தப் போலி ஜர்னல் அனுப்பிய சர்டிஃபிகேட், லேமினேட் செய்து. வருகிறவர்கள் எல்லோரும் அதை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டுமாம். நானும் வாசித்தேன், ‘உலகத்தரம் வாய்ந்த’ என்ற இடத்தில்கூடக் குரல் தடுமாறாமல். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஸ்டெல்லா, தலைக்கு மேல் போன விமானத்தின் இரைச்சல் அடங்கும்வரை நின்றார்.

“அப்பா இருக்கற வரைக்கும் அது நல்ல ஜர்னல்தான் சார்.”

அசல் எது போலி எது என்று பிரித்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு நான் லீவு.